குழாயில் காற்று

லின்ஸ் நகரம், டிசம்பர்.
தேவாலயத்துக்கு அடியில்
கொதிகலனோடு நான்.
பெரிய பழுதில்லை, ஒரு வால்வு,
பத்து நிமிடத்தில் முடிந்தது.
ரசீதிலும் அப்படித்தான் எழுதுவேன்.

மேலே ஒத்திகை.
பிள்ளை பிறந்த சேதியை
நாலு குரலாய்ப் பிரித்துப் பாடுகிறார்கள்.
லத்தீன் எனக்குத் தெரியாது.
அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டில் ஈசா என்போம்,
நபிமார்களில் ஒருவர், அதற்குமேல் பேச்சில்லை.
நான் தொழுதே வருஷக்கணக்காயிற்று.

இருந்தும் ஸ்பானரும் கையுமாக
இறுகிய திருகாணியையே
இறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்குரல்கள் ஓரிடத்தில் வழுக்குகின்றன.
ஃப்ராவ் ஹின்டர்மயர் பலகையைத் தட்டுகிறார்:
மறுபடி.
மறுபடியும் அரை சுருதி கீழே.
ஏழாவது தடவை
என்னையறியாமல் அந்த ஸ்வரத்தைப் பிடித்துவிட்டேன்,
சரியாக,
வெந்நீர்க் குழாயில் கன்னம் படும் தூரத்தில்.

மேலே சட்டென்று நிசப்தம்.
பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
“ஹெர் டெலிச், கீழே ஏதாவது கேட்டதா?”

“குழாயில் காற்று” என்றேன்.
“வெளியேற்ற வேண்டும். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.”

அவர் என்னைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார்.
“அவசரமில்லை” என்றார்.
திரும்பிப் படியேறும்போது
வாய்க்குள் முனகிக்கொண்டே போனார்,
என் ஸ்வரத்தை.