பத்தொன்பது புள்ளி பூச்சியம் பூச்சியம்

மலருக்கு ஒரு பக்கம் வேணுமாம்.
கோபிதாசின் துடுப்பாட்டக் கணக்கு,
லீக் சராசரிக்குப் பக்கத்தில் வைத்து.
வெள்ளிக்குள் தரச் சொன்னார் கழகச் செயலாளர்.
பதினாறு பருவமும் ஸ்கோர் எழுதியவன் நான்.
அலுமாரியில் இருப்பது பதினைந்து புத்தகம்.

ஆட்டம் 143. இன்னிங்ஸ் 128.
ஆட்டமிழக்காமல் நின்றது 9.
ஓட்டம் 2261.
ஆகக் கூடியது 74, நிந்தவூரில்,
மழை வந்து மெச்சைக் கலைக்க முந்தி.
முட்டை 17.
2261ஐ 119ஆல் பிரித்தேன். மிச்சம் வரவில்லை.
எனக்கே சந்தேகம்,
கல்குலேட்டரை அணைத்துப் போட்டு
கடதாசியில் பிரித்தேன்.
பத்தொன்பது.

லீக் சராசரி 21.36.
பொத்துவில் தொடக்கம் நிந்தவூர் வரை
பன்னிரண்டு கழகம் அடித்ததெல்லாம் இதற்குள்:
சதம் போட்டு, மோட்டார் சைக்கிள் ஊர்வலத்தில்
அக்கரைப்பற்றுச் சந்தியை மூன்று தரம் சுற்றியவனும்
கடைசி ஆளாய் இறங்கிக்
கண்ணை மூடிச் சுழற்றியவனும்.

ஒரு வீம்புக்கு
கோபியை லீக்கிலிருந்து கழித்துவிட்டுப் பார்த்தேன்.
21.38.
தம்பிலுவில் மணலில்
ஒருவன் தோல் கருக நின்றதன் எடை
நூறில் இரண்டு ஓட்டம்.
அதுவும்
அவன் இல்லாவிட்டால் கூடுகிறது.
இதை மலரில் போட முடியாது.

இல்லாத புத்தகம் 2004.
திருக்கோவிலில், கடற்கரை வீதி வீட்டில்,
மேசை லாச்சிக்குள் இருந்தது.
மேசையும் இல்லை.
"அந்த வருசம் கோமாரிக்கு 61 அடிச்சன் மச்சான்,
எல்லைக்கோட்டில வச்சுப் பிடிச்சான்
யேசுரெத்தினம், ஒத்தக் கையால."
பந்து போட்டவன் கட்டாரில் இருக்கிறான்,
நினைவில்லை என்கிறான்.
பிடித்தவனைக் கேட்க வழியில்லை.
நான்தான் எழுதியிருப்பேன்.
ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வைத்த கை
ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

61ஐச் சேர்த்தால் 19.35.
அப்போதும் கீழேதான்.
சேர்க்கவில்லை.

றன்அவுட் 27.
இது எந்த ஒப்பீட்டிலும் வராத நிரல்.
புத்தகத்தைப் புரட்டினேன்:
இருபதில், எதிர்முனைக்காரன் தப்பாய்க் கூப்பிட்டிருக்கிறான்.
அரைவாசியில் அவன் திரும்பி ஓட
இவன் திரும்பவில்லை,
குறுக்கே கடந்து
ஆபத்தான முனைக்குப் போய்விட்டான்.
காப்பாற்றப்பட்டவர்கள் மறுகா அடித்ததையும் கூட்டினேன்.
அந்த எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஸ்கோர் புத்தகத்தில் அதற்குக் கோடு கீறவில்லை.

இரவு மின்சாரம் போனது. படுத்துக்கொண்டு யோசித்தேன்,
இந்தச் சராசரிக்காரன் யார்?
21.36 எடுத்த ஒருவனை
பதினாறு வருசத்தில் நான் கண்டதில்லை.
இருபத்தியோர் ஓட்டம் முடித்து
இருபத்திரண்டாவதற்குப் புறப்பட்டு
எட்டு யார் போய்
நடு ஆடுகளத்தில் நின்றுவிட்டான்.
திரும்பவும் மாட்டான், போய்ச் சேரவும் மாட்டான்.
அவன் பெயரைச் சொல்லி எல்லாரையும் அளக்கிறோம்.

காலையில் கோபிக்குப் போன் எடுத்தேன்.
உரக்கடையில் நின்றான், யூரியா வந்து இறங்குதாம்.
"கிட்டத்தட்ட இருபதோ?"
"பத்தொன்பது."
"மறுகா என்ன, ஒண்டுதானே குறை."
லீக் எத்தனை என்று கேட்கவில்லை.
மூட்டையை எண்ணத் தொடங்கிவிட்டான்,
போனை வைக்காமலே,
ஆறு, ஏழு, எட்டு.

அச்சகத்துப் பெடியன் மட்டும் கேட்டான்,
"அண்ணே, புள்ளிக்குப் பின்னால
இந்த ரெண்டு பூச்சியமும் வேணுமா?"
வேணும், என்றேன்.
ஓடத் தொடங்கினதை
ஓடி முடிச்ச ஆள்.