ஆயிரத்தைந்நூறு ரூபாய்ப் பகிடி

டைல்ஸ் கடைக்கு மேல்மாடி,
கரடிப்போக்குச் சந்தியில் இருந்து நடக்கும் தூரம்.
போன மாதம்வரை கலியாண மண்டபம்.
இப்போது நீல விளக்கில் 'கிளப்' என்று எழுதி
மணவறை நின்ற இடத்தில்
உயரக் கதிரை ஒன்று, மைக் ஒன்று.
பின்னால் சரிகைத் துணியை மட்டும்
கழற்ற மறந்திருந்தார்கள்.

நுழைவு ஆயிரத்தைந்நூறு.
ஒரு நெக்டோ இலவசம், ஐஸ் தீரும்வரை.

நான் லீசிங் கம்பனிக்கு வசூலிக்கிறவன்.
பின்வரிசையில் இருந்தேன், தொழில் பழக்கம்.
பிடரியைப் பார்த்தே ஆளைச் சொல்லுவேன்.
மூன்றாம் வரிசை, சிவப்புச் சேட்டு: குலவீரசிங்கம்,
லான்ட்மாஸ்டருக்கு நாலு தவணை பாக்கி.
சும்மா திரும்பினவன் என்னைக் கண்டான்.
நெக்டோ மூக்கால் வந்தது.
அன்றிரவு அந்த மண்டபத்தில்
மனம் விட்டு எழுந்த முதல் சத்தம் அந்த இருமல்.

பகிடிக்காரன் ஸ்கார்பரோவில் இருந்து வந்திருந்தான்.
டிலக்சன் என்று பெயர், வெள்ளைச் சப்பாத்து.
முதலில் பனி.
பனிக்குள் புதைந்த காரைத் தோண்டின கதை,
அது பக்கத்து வீட்டுக்காரன்ரை காராம்.
பரிசளிப்பு விழாவில்
பிரதம விருந்தினரைக் கேட்பதுபோல் கேட்டிருந்தோம்.
பிறகு மாமியார்.
பிறகு விமானநிலையத்தில் பிடிபட்ட கருவாடு.
கருவாட்டுக்கு ஆறுபேர் சிரித்தார்கள்.
எண்ணினேன், எண்ணுவதுதானே வேலை.
அவன் சிரிப்புக்காக நிறுத்துகிற இடமெல்லாம்
நடுவில் இருந்த மின்விசிறி
'டக்' என்றது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு
மேடையால் இறங்கி வந்தான்.
"அக்கா, நீங்கள் எந்த ஊர்?"
முன்வரிசை அக்கா கச்சான் கோதை உடைத்தபடி
"முள்ளிவாய்க்கால் கிழக்கு" என்றா.

அவன் முகம் செத்தவீட்டு முகமாயிற்று.
மைக்கை நெஞ்சில் வைத்தான்.
"உங்களுக்கு முன்னால் பகிடி விட
எனக்கு என்ன தகுதி இருக்கு?"
எல்லாரையும் எழும்பச் சொன்னான்.
எழும்பினோம்.
ஒரு பெடியன் போனில் விளக்கடிக்க
மற்றவர்களும் அடித்தார்கள்.
அக்கா மட்டும் இருந்தபடியே
கோது கொட்ட இடம் தேடினா.

பதினொரு நிமிடம் இப்படிப் போனது.

தம்பி,
அழுகை எங்களிடம் இருக்கிறது,
அரிசி வாளிக்குப் பக்கத்தில்
மூடித்தான் வைத்திருக்கிறோம்.
அதற்கு ஆர் ரிக்கற் எடுப்பான்?
எங்களைப் பகிடி பண்ணு.
வீடே இல்லாத காணியில்
மூன்று நிறுவனம் மூன்று கக்கூஸ் கட்டினதைச் சொல்லு.
வாழ்வாதாரம் என்று ஒரே ஆட்டோடு
ஏழு குடும்பம் படத்துக்கு நின்றதைச் சொல்லு.
ஏழாவது வளவில் ஆடு தானாகவே போய்
கமராவுக்கு நேரே நின்றது.
என்னைச் சொல்லு:
நான் படலையைத் தட்டினால்
வீட்டில் ஆளில்லை என்று நாய் குரைக்கிறது.

சொல்லவில்லை.
"நன்றி கிளிநொச்சி!" என்று கையாட்டி
யாழ்ப்பாணத்து வானில் ஏறிவிட்டான்.
சனம் ஒன்றும் பேசாமல் படியிறங்கியது,
வட்டிவீதம் கேட்டுவிட்டுப் போவதுபோல்.

கீழே மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில்
அக்காவின் குரல்:
"இறால் வாடி போட்டு ஒரு வரியம்கூட ஆகேல்லை.
பிறந்தது நீர்கொழும்பு எண்டு சொல்ல வாய் எடுக்கிறன்,
அந்தப் பிள்ளை அழத் தொடங்கிற்றுது.
பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

முதலில் சிரித்தவன் குலவீரசிங்கம்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து,
நிமிர்ந்தபோது நான் நின்றேன்.
"அண்ணை, இருபத்தைஞ்சாந் திகதி கட்டாயம்."
"ஓமோம்" என்றேன்.

அவனுடைய மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் வரவில்லை.
பரந்தன் பக்கமாக
இருபது யார் தள்ளிவிட்டேன்.
அதுவும் எங்கள் கம்பனி சைக்கிள்தான்.