ரசீது

கல்லாவுக்கு அடியில் படுப்பதால்
அதற்கு ரசீது என்று பெயர்.
செல்லூரில் எங்கள் கடை எலும்பெல்லாம்
அதன் கணக்கில்தான்.

முந்தாநாள் சால்னா வாளி கவிழ்ந்தது.
தரையைக் கழுவும் வேலை
எனக்கு மிச்சம்.
விடியும்வரை அதற்கு வயிற்றால் போனது.

வைகைக்குள் இறங்கி
தண்ணீரில்லாத மணலோரம்
ஒவ்வொன்றாய் மோந்து, விலக்கி,
அருகம்புல்லை மட்டும் கடித்தது.
நுரையாய்க் கக்கியது.
சீட்டு எழுதிக் கொடுத்தது யாரோ.

வெங்காயம் ஆகாது, காரம் ஆகாது,
எண்ணெய் கூடவே கூடாது என்றார்
மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்.
அதை எடுத்துவிட்டால்
நான் மாஸ்டரே இல்லை, சார்.

அரை நாள் வெறும் தண்ணீர்.
பிறகு கொத்துச் சத்தத்துக்குப் பக்கத்து அடுப்பில்
பச்சரிசி குழைந்தது, உப்பில்லாமல்,
ஒரு கீற்றுப் பரங்கிக்காயோடு.
'என்னண்ணே, வாசமே வரல'
எட்டிப் பார்த்தான் சப்ளையர் மைதீன்.
வராதுடா.

நாலு வாய் நக்கிவிட்டு
ரசீது என்னை நிமிர்ந்து பார்த்தது,
பில்லில் தப்பு இருப்பதுபோல.
மீதியை நான் குடித்தேன்.
பதினெட்டு வருஷ நெஞ்செரிச்சல்
அன்றைக்கு லீவு.

இன்று காலை மணலில்
அது குந்தி எழுந்த இடத்துக்குப் போய்
குனிந்து பார்த்தேன்.
கெட்டி.

பாலத்தில் சைக்கிளை நிறுத்திய ஒருவர்
மேலிருந்து கேட்டார்:
என்னத்த தொலைச்சீங்க?