கடல் பார்த்த அறை

பணம் திரும்பத் தரமாட்டார்களாம்.
அதனால்தான் கிளம்பினோம்.
ஆகஸ்டில், ஏதோ ஒரு சண்டை சமாதானமான இரவில்
ராடெக் பதிவு செய்த அறை.
உஸ்த்கா. கடல் பார்த்த பக்கம். இரண்டு இரவு.
நவம்பர் வரும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
நான் எழுதியவை பதினேழு வரிகள்.
கோஸ்தெக்குக்கு இருமல் மருந்து, மூடியில் பாதி.
ஈகாவின் விளையாட்டு ஷூ பால்கனியில், ஈரமாக இருக்கலாம்.
மீனுக்கு ஒரு சிட்டிகை. ஒன்று. அவள் கெஞ்சினாலும் ஒன்று.
கொழுந்தன் மனைவி ஹால்ஷ்கா முழுக்கப் படித்துவிட்டு
"போய்ட்டு வாங்க, செத்தா போயிடும்?" என்றாள்.
மீனைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வடக்கே மூன்று மணி நேரம்.
அவன் ட்ராம் ஓட்டுகிறவன்; காரிலும்
எங்கோ நிறுத்தம் வருவதுபோல் வேகம் குறைப்பான்.
நான் இரவுப் பணி நர்ஸ்.
அவன் எழும்போது நான் படுப்பேன்.
எங்கள் மெத்தை ஆறுவதே இல்லை,
ஒருவர் விட்டுப்போன சூட்டில் இன்னொருவர்.
நாலு வருஷமாய் இதுதான் தாம்பத்தியம் என்று
வார்டில் சிரித்துச் சொல்லியிருக்கிறேன்.
பாதி சிரிப்பு.

விடுதிக்காரி திரையை விலக்கிக் காட்டினாள்.
பால்டிக், தகர நிறத்தில்.
"மூன்றே முக்காலுக்கு அஸ்தமனம், விட்டுடாதீங்க."
ஷூவைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்தோம்.

விழித்தபோது இருட்டு.
எந்த நாளின் இருட்டு என்று தெரியவில்லை.
ஐந்து, என்றது போன்.
காலை ஐந்து.
அவனுக்கு ஒரு காலில் ஷூ அப்படியே இருந்தது.
கடலுக்கென்று கூடுதலாய்க் கட்டிய காசில்
கண்ணை மூடிக் கிடந்திருக்கிறோம்.
"இவ்வளவு நேரம் நாம சேர்ந்து படுத்ததே இல்ல," என்றான்,
ஏதோ பரிசு வாங்கியவனைப்போல.
அவன் தலைக்கடியில் என் கை மரத்திருந்தது.
உருவிக்கொள்ளவில்லை.

கோடையில் காற்றுக்குத் துணித்தடுப்பு நட்டு
இடம் பிடிக்க விடியலில் ஓடிவரும் கரை.
இப்போது மணல் மொத்தமும் எங்களுக்கு;
வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.
கோஸ்தெக்கின் ஆடும் பல்லைப் பேசினோம்.
வாஷிங் மெஷின் சுழலும்போது வரும் அந்தச் சத்தத்தை.
"கலங்கரை விளக்கு வரை வீட்டுப் பேச்சு வேண்டாம்," என்றான்.
சரி என்று நடந்தோம்.
பாதி வழியில் நான் மீனைப் பற்றி ஆரம்பித்தேன்.

திடீரென்று என் காலடியில் குனிந்தான்.
ஆம்பர்!
புயலுக்கு மறுநாள் இப்படித்தான் ஒதுங்குமாம்,
கோடி வருஷத்துப் பிசின்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், உள்ளே பூச்சி தேடினான்.
நிஜமா என்று பார்க்கப் பல்லில் வைத்தான்.
முகம் மாறியது.
"எலுமிச்சை," என்றான்.
கொஞ்சம் கழித்து, "தேனும்."

ஈகா பாதி சப்பிப் பிடிக்காமல்
என் கோட்டுப் பையில் போட்டுவைத்த இருமல் மிட்டாய்.
கைக்குட்டை எடுத்தபோது விழுந்திருக்கிறது.

அவன் துப்பவில்லை.
மணல் நறநறக்கச் சப்பிக்கொண்டே வந்தான்.
குளிரில் மூக்கு ஒழுக, நான் நின்று நின்று சிரித்ததில்
வயிறு பிடித்துக்கொண்டது.
விளக்கு வரை போகவேயில்லை.
அன்று மாலை அஸ்தமனத்துக்கு
நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். மேகம்.

ஞாயிறு வீடு.
பதினேழு வரிகளிலும் ஹால்ஷ்காவின் டிக்.
மீனுக்கு எதிரே மட்டும்: மூன்று சிட்டிகை, மன்னிக்கவும்.
பல்லை விழுங்கிவிட்டதாகச் சொன்னான் கோஸ்தெக்,
வருத்தமேயில்லாமல்.
நான் யூனிபார்மைத் தேய்த்தேன்.

திங்கள் ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்தேன்.
மெத்தையில் அவன் சூடு இன்னும் இருந்தது.
அந்தப் பக்கமாகவே சரிந்தேன்.
விரிப்பில் ஏதோ நறநறத்தது.
மணல் என்று நினைத்தேன்.
சர்க்கரையாகவும் இருக்கலாம்,
ராத்திரி ஈகா இங்கேதான் படுத்தாளாம்.