நீர்க்கடுப்பு

முதல் முறை அவனைப் பார்த்தவர் டாக்டர் ஹேவர்த்.
மூன்று நாள் மாத்திரை.
இரண்டாம் முறை, ஒரு வாரத்துக்கு மட்டும் வந்த மாற்று டாக்டர்.
ஏழு நாள் மாத்திரை, நிறையத் தண்ணீர் குடி.
மூன்றாம் முறை நான்.
கிருமி இல்லை என்று ஆய்வகம் சொல்லியிருந்தது.
இருந்தும் மாத்திரை எழுதினேன்.
மணி ஐந்து நாற்பது. ஹாலிஃபாக்ஸ் மழை
சரிவுத் தெருவெல்லாம் இறங்கி
எங்கள் வாசல் கால்மிதியில் வந்து நின்றிருந்தது.
இன்னும் ஆறு பேர் பாக்கி.

நாலாம் முறை அவனைக் கண்டுபிடித்தது
டாக்டர் யாருமில்லை,
வரவேற்பு மேசை ஜானிஸ்.
"அந்தப் பையன் உட்காரவே மாட்டேங்கிறான்.
அரைமணி நேரத்தில் ஐந்து தடவை கழிவறை.
பதினாறு வயசுக்குக் கிழவன் நடை."
மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி
என் தேநீர்க் கோப்பையில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொன்னேன்.
"எதுக்கு?"
அது கேள்வியில்லை; சுமந்த வயிற்றின் பாத்தியதை.
இந்த வயதுப் பிள்ளைகளோடு தனியாகப் பேசுவது
எங்கள் வழக்கம் என்றேன்.
பொய். அன்றுதான் தொடங்கியது அந்த வழக்கம்.

கணினியில் ஒரு படிவம் உண்டு:
புகையா, குடியா, வேறேதுமா,
வாரத்துக்கு எத்தனை.
திறந்தேன். மூடினேன்.
திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன்.
"ப்ரோடி, கெட்டமின் எடுக்கிறவர்களுக்கு
மூத்திரப்பை இப்படித்தான் எரியும்.
உனக்கும் அதுவா?"

தன் காலணியைப் பார்த்தான்.

தமிழில் கேட்பதென்றால் இரண்டு வேலை.
பதினோரு வருடமாக அதில் முதல் பாதிக்கே
சம்பளம் வாங்கியிருக்கிறேன்.
வாயை மூடிக்கொண்டு
மறுபாதிக்காகக் காத்திருந்தேன்.
ரேடியேட்டர் ஒருமுறை விக்கியது.

"போலீசுக்குச் சொல்வீங்களா?"
மாட்டேன்.
"அம்மாகிட்ட?"
உன் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும்.
அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்.
"கிராம் கணக்கெல்லாம் தெரியாது, மிஸ்."
டீச்சர் என்று நினைத்துவிட்டான். திருத்தவில்லை.
"முதல்ல சும்மா எடுத்தேன்.
இப்ப இந்த வலி தெரியாம இருக்க எடுக்கிறேன்."

பத்து நிமிடச் சந்திப்பு
இருபத்தேழாம் நிமிடத்தில் முடிந்தது.
வெளியே ஒரு முழங்கால் வலிக்காரர்
கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறி முறைத்தார்.

போதை சிகிச்சை மையத்துக்குக் கடிதம் போட்டால்
ஒன்பது வாரம். போக இரண்டு பஸ்.
பத்து நிமிடத்துக்கொருமுறை கழிவறை தேடுகிறவனுக்கு
இரண்டு பஸ் என்பது கடல்.
கெஞ்சினோம். மாதக்கணக்கில் கெஞ்சினோம் என்று
எழுத ஆசை; உண்மையில் மூன்று மின்னஞ்சல்,
ஜானிஸின் ஒரு தொலைபேசிச் சண்டை.
இப்போது புதன் மாலைகளில்
தடுப்பூசி அறையில், ஒட்டகச்சிவிங்கிப் படத்துக்குக் கீழே
அந்த மையத்து நஸ்ரீன் உட்காருகிறாள்.
என் கதவிலிருந்து பதினாலு எட்டு.
முதல் நாள் நானே அவனோடு நடந்தேன்.

அடுத்த புதன் வரவில்லை.
அதற்கடுத்த புதனும்.
இருமுறை வராதவரை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
ஜானிஸ் அதை அழுத்தவில்லை.
யார் எட்டிப் பார்த்தாலும் பிடிபடாத மாதிரி
ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்:
"புதன் நாலரை. வந்தா போதும்."

நேற்று வந்தான், தலை சொட்டச் சொட்ட.
குப்பியில் சிறுநீரின் சிவப்பு
கொஞ்சம் வெளுத்திருந்தது,
அல்லது வெளுக்கட்டும் என்று விரும்பினேன்.
நிறுத்தவில்லை. வாரத்தில் ஏழு நாள்
நாலாகியிருக்கிறது.
சிறுநீரக நிபுணர் மார்ச்சில் பார்ப்பார்.
அம்மாவுக்குப் பாதி தெரியும்.

கதவருகே நின்று,
"நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றான்,
குற்றமாக இல்லை, பஸ் நேரம் சொல்வதுபோல.

ஆமாம் என்றேன்.
மூன்றாம் மருந்துச்சீட்டில் இருப்பது
என் கையெழுத்து.