குளியலறை டைல்ஸ்

ஒலோமோட்ஸில் நேற்றிரவே பனி.
இன்று நான் டிராம் ஓட்டவில்லை.
நான் ஓட்டும் அதே தடத்தில்
சீட்டு வாங்கி, ஜன்னலோரம்.
உள்பையில் முப்பத்தெட்டாயிரம் கொருனா.
கைக்குட்டையில் சுற்றிய என் ஊதுவாய்
தொடையருகே சூடேறிக்கொண்டிருக்கிறது.

ராதிமிடம் டைல்ஸ் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.
பொய்யில்லை.
டைல்ஸ் கடையும் அந்தத் தெருவில்தான்.

கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்தில் ஒரு வாசிப்பு.
தாளைத் திறந்தால் சுரங்கள்
ஐந்து கோட்டையும் தாண்டி
கூரை பழுதுபார்ப்பவர்கள் போல்
மேலே நின்றுகொண்டிருக்கின்றன.
பிக்கலோ டிரம்பெட் இல்லாமல் முடியாது என்றார்கள்.
எது வாங்குவது என்று கேட்டேன், அதுதான் தப்பு.
சுழல் வால்வு, என்றான் ஹினெக்.
பிஸ்டன்தான், என்றாள் யர்மிலா.
நான்கு வால்வு எதற்கு, மூன்று போதும் என்றவன்
தன்னுடைய மூன்று வால்வை
என் தலையில் கட்டப் பார்த்தான்.

கடையில் முதலாவது, தங்க முலாம்.
மாப்பிள்ளைத் தோழன் மாதிரி
கூப்பிடாமலே முன்னால் வந்து நின்றது.
ஊதினேன். அழகு.
சுருதிமானியின் முள் மட்டும்
ஒவ்வொரு மேல் ஜி-க்கும் முகம் சுளித்தது.
இரண்டாவது புத்தம் புதுசு, மலிவு.
ஏன் மலிவு என்று
நான்காவது சுரத்தில் அதுவே சொல்லிவிட்டது.

மூன்றாவது மேசைமேல் இல்லை.
ஈரக் கோட்டோடு ஒரு பெண்ணின் மடியில் இருந்தது.
சில்வா தோஹ்னலோவா, மருந்துக்கடைக்காரி.
எட்டு மாதமாக விலைபோகாததைத்
திரும்ப எடுத்துப்போக வந்திருக்கிறாள்.
ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். வெள்ளி.
பி-ஃபிளாட்டுக்கு ஒரு குழாய்,
ஏ-வுக்குக் கொஞ்சம் நீண்ட இன்னொன்று.
வாயோரம் குன்றிமணி அளவு நெளிவு
(ஃபிரிட்ஜ் கதவு, என்றாள்).

ஏன் விற்கிறீர்கள்?

மேல் சுரம் வரும் என்று வாங்கினேன்.
வரவில்லை.
உன்னிடம் இருப்பதைத்தான் தருகிறது இது,
ஒளிய இடம் தராமல்.

நான் வந்ததும் அதற்குத்தான் என்று
அவளிடம் சொல்லவில்லை.

என் ஊதுவாயைப் பொருத்தி
வழக்கமான மூச்சை விட்டேன்.
ஊசிக் காதில் ஒரு வாளித் தண்ணீர்.
அத்தனையும் என் முகத்துக்கே திரும்பியது,
காதுமடல் வரை.
பாதி, என்றாள்.
பிறகு, பாதியில் பாதி.
பத்தொன்பது வருடம் டிராம் ஓட்டுபவளுக்கு
பிரேக் போட யாரும் சொல்லித்தந்ததில்லை,
ஆனாலும் போட்டேன்.
வந்தது.
உயரமான சுரமில்லை, நடுவில் ஒன்று,
யாரோ ஜன்னலைத் துடைத்துவிட்டது போல.
கடைக்காரர் கணக்கெழுதுவதை நிறுத்தினார்.

நான்காவது வால்வு சோம்பேறி.
அதன்மேல் வைக்க வேண்டிய சுண்டுவிரலும் அப்படித்தான்.
இத்தனை வருடம் கொக்கியில் தொங்கிச்
சும்மா சம்பளம் வாங்கிய விரல்,
முதல் நாள் வேலைக்கு வந்தவன் போல்
எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

விலை நாற்பத்தொன்று, என்றாள்.
முப்பத்தெட்டுதான் இருக்கிறது.
மூன்று குறைகிறது.
கொஞ்ச நேரம் உறையைத் தடவிக்கொண்டிருந்தாள்.
அந்த மூன்று
மேலே இருக்கும் மூன்று சுரத்துக்கு.
அவை இதில் இல்லை. விடுங்கள்.

வெளியே வந்து, டைல்ஸ் கடைக்கும் போனேன்.
இலவச மாதிரி ஒன்று தந்தார்கள்,
உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம்.

திரும்பும் வண்டியை ஸ்தெனெக் ஓட்டுகிறான்.
மடியில் இருப்பது என்னவென்று கண்ணாடியில் கேட்கிறான்.
தோளைக் குலுக்கினேன்.
கதவு மூடும் மணி
ஏ-க்கு ஒரு மயிரிழை கீழே, எப்போதும் போல.
இன்றுதான் அது என்னை உறுத்துகிறது.

எந்த நிறம் எடுத்தாய்?
ராதிமின் செய்தி.

வெள்ளி, என்று தட்டுகிறேன்,
உறைமேல் சுண்டுவிரல்
அழுத்தி, விட்டு,
அழுத்தி.