எண்ணிப் பார்த்தது

திம்மராயனின் கையெழுத்தை நான் முதலில் பார்த்தது
ஒரு பழுப்பு உறைக்குள்.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்,
சேலத்தில் எங்கள் ஆபீஸ் பையன் போய் வாங்கி வருவான்.
சில நாள் உறையில் தக்காளிச் சாறு,
சில நாள் யாரோ வெற்றிலை துப்பிய சிவப்பு.

நான் வெட்டுகிறவன்.
டெஸ்க்கில் அதற்குத்தான் சம்பளம்.
அவர் பதினெட்டு வரி அனுப்பினால்
ஆறு போடுவேன்.
அச்சான வரிக்குத்தான் அவருக்குக் கூலி.
மிச்சப் பன்னிரண்டு வரி
அவர் வீட்டில் எதுவாக இல்லாமல் போயிற்று,
பருப்போ, பள்ளிக்கூட ஃபீஸோ,
நான் கேட்டதில்லை.

கூட்டத்தை எண்ண அவரிடம் ஒரு கணக்கு உண்டு.
ஒரு வரிசையின் நாற்காலிகளை
டியூப் லைட் கட்டிய கம்பங்களால் பெருக்கி,
பொட்டலம் வாங்கியதும் கிளம்புகிறவர்களை
அரை ஆளாகக் கழித்து...
கட்சிக்காரர்கள் ஐம்பதாயிரம் என்பார்கள்.
'நாலாயிரத்து இருநூறு' என்று எழுதுவார் திம்மராயன்.
பர்கூரில் அதற்காக ஒருமுறை சட்டையைப் பிடித்தார்கள்.
நான் 'திரளானோர்' என்று போட்டுவிடுவேன்.
திரளுக்காக எவனும்
சேலம் வரை வந்து சட்டையைப் பிடிப்பதில்லை.

வாக்கு எண்ணிக்கை அன்று
தோற்றவரிடம்தான் முதலில் போவார்.
"ஜெயிச்சவன் நாளைக்கும் பேசுவான் சார்,
தோத்தவன் இன்னிக்கு ஒரு நாள்தான்
உண்மை பேசுவான்."

அந்தக் கல்குவாரிச் செய்தி வந்த இரவு
மாடியிலிருந்து எனக்கு போன்.
வெடி முந்திக்கொண்டதில் ஏழு பேர்.
குவாரி, எம்.எல்.ஏ.வின் மச்சான் பெயரில்.
ஏழு பேரின் பெயரும் எழுதியிருந்தார்,
வடக்கிலிருந்து வந்தவர்கள்,
கேட்டதைக் கேட்டபடி தமிழில் எழுத்துக்கூட்டி,
ஒரு பெயரை அடித்து மறுபடி எழுதி.
நான் பேனாவை எடுத்தேன்.
'இருவர் பலி.'
கை நடுங்கியதாகச் சொன்னால் நன்றாயிருக்கும்.
நடுங்கவில்லை.
கீழே போய் டீ குடித்தேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை.
மறுநாள் உறையில்
மாங்கூழ் ஆலை ஸ்டிரைக் பற்றி ஒன்பது வரி.
அடியில் புதிதாக இரண்டு சொல்:
எண்ணிப் பார்த்தது.

காலிக் குடத்தோடு மறியலில் உட்கார்ந்த பெண்கள் முப்பத்தொன்று.
எண்ணிப் பார்த்தது.
அமைச்சர் காருக்குப் பின்னால் வந்த கார்கள் நாற்பத்தாறு,
அதில் நம்பர் பிளேட் இல்லாதவை மூன்று.
எண்ணிப் பார்த்தது.
பேக்ஸ் வந்தது, மெயில் வந்தது,
வாட்ஸ்அப்பில் அவர் இருமல் வந்தது,
அந்த இரண்டு சொல் மட்டும் நிற்கவில்லை.
ஒவ்வொரு நாளும்
நான் முதலில் வெட்டியது அதைத்தான்.

இப்போது இருவரும் சும்மா இருக்கிறோம்.
எனக்குப் பென்ஷன்,
அவருக்குக் காலாவதியான அடையாள அட்டை.
ஆனாலும் ராத்திரி ஒன்பது பத்துக்கு,
எங்கள் பக்கம் முடியும் நேரத்துக்கு,
போன் அடிக்கும்.
"எழுதிக்குங்க சார்.
தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவங்க அஞ்சு பேர்.
மேஜை ரெண்டுதான்.
ராயக்கோட்டை ரோட்டுப் பாலத்துக்கு
மூணாவது தடவையா அடிக்கல்."
தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
எழுதுகிறேன், வெட்டாமல்.
யாரென்று மனைவி கேட்டால்
'கிருஷ்ணகிரி' என்பேன்.

நேற்று,
"அந்தக் குழியில தண்ணி நிறைஞ்சிருக்கு சார்.
சாயங்காலம் பசங்க குதிச்சுக்கிட்டிருந்தானுங்க."
எந்தக் குழி என்று நான் கேட்கவில்லை.
"எத்தனை பேர்?" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஒரு லாரி போகும் சத்தம் மட்டும்.
"முழுகறானுங்க, எழும்பறானுங்க,
ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறானுங்க.
நாளைக்கு மறுபடி போய் எண்ணிட்டுச் சொல்றேன்.
இடம் விட்டு வைங்க."